எந்தக் கையில் காசு? – டெனே விளையாட்டும் விருந்தும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் கனடாவின் வடக்கே யெல்லோநைஃப் போய் வந்ததைப் பற்றி எழுதும்போது, அங்கே வாழும் டெனே என்ற பூர்வகுடி மக்களின் கைவிளையாட்டுப் போட்டி ஒன்றைப் பார்த்ததையும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் இரண்டே பத்தியில் முடித்துவிட்டேன். துருவ ஒளியைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன், அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கேள்விகள் எல்லாம் அந்த இரண்டு பத்தியைப் பற்றித்தான். எனக்கு ரொம்ப சந்தோஷம். இந்த மாதம் முழுக்க அதற்கே.

மார்ச் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு நாலு நாள் யெல்லோநைஃப் போகிறோம். இரவில் துருவ ஒளி பார்ப்போம், பகலில் என்ன செய்வது? நீங்கள் எழுதிய டெனே ஆட்கள் எஸ்கிமோக்கள்தானே அண்ணா? அவர்களுடைய விளையாட்டைப் பார்க்க டிக்கெட் எங்கே எடுக்க வேணும்?
– வாசகி, ஸ்கார்பரோ

முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் தங்கச்சி, அங்கே யார் முன்னாலும் சொல்ல வேண்டாம். கடலோரமும் மரமே இல்லாத வெளியும் இனுயிட் மக்களுடைய இடம். அதற்குத் தெற்கே காடு, ஏரி, பெரிய ஆறுகள் உள்ள பக்கம் டெனே மக்களுடையது. இரண்டும் வேறு மக்கள், வேறு மொழிக் குடும்பம். டெனே என்றால் மனிதர்கள் என்றுதான் அர்த்தம். அதற்குள்ளேயே த்லீச்சோ, சிப்பவையன், குவிச்சின், வட ஸ்லேவி, தென் ஸ்லேவி என்று பல பிரிவுகள் உண்டு. யெல்லோநைஃப் தலைநகராக உள்ள வடமேற்குப் பிரதேசத்தில் 11 மொழிகள் அதிகாரப்பூர்வ மொழிகள், அதில் ஐந்து டெனே மொழிகள். இதைப் பிள்ளைகளுக்கு விமானத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

டிக்கெட் என்று ஒன்றும் கிடையாது. கைவிளையாட்டுப் போட்டிகள் ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்துவது. ஊர் மண்டபத்திலோ பள்ளிக்கூட ஜிம்மிலோ நடக்கும், கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், உள்ளூர் வானொலியில் சொல்வார்கள். நான் பார்த்தது பெச்சோக்கோ என்ற த்லீச்சோ ஊரில், யெல்லோநைஃபிலிருந்து நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். நீங்கள் போகிற நாலு நாளில் ஒன்று அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாவிட்டாலும் டெனே குடும்பங்களே நடத்துகிற முகாம்கள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. கூடாரத்துக்குள் விறகடுப்பு, மீன், தேநீர், மேளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு. பதிவு செய்யும் முன் "இதை நடத்துவது யார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அந்த மண்ணின் ஆட்களே நடத்துகிற இடத்தில் பணம் கொடுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

மார்ச்சில் போவதால் பக்கத்து டெனே ஊரான டெட்டாவுக்குப் போகும் பனிச்சாலை திறந்திருக்கும். உறைந்த ஏரியின் மேலேயே 6.5 கிலோமீட்டர், தரைவழி போனால் 27. நடுவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிக் கீழே பாருங்கள், கறுத்த பனிக்குள் வெள்ளை நரம்பு மாதிரி விரிசல் ஓடும். அப்புறம் யெல்லோநைஃப் அருங்காட்சியகத்தில் மூஸ் என்ற பெரிய மானின் தோல்களைத் தைத்துச் செய்த ஒரு முழுப் படகு இருக்கிறது, அனுமதி இலவசம், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

கைவிளையாட்டு என்று எழுதினீர்கள், எப்படி ஆடுவார்கள் என்று எழுதவே இல்லையே? என் பேரன் தினமும் கேட்கிறான்.
– வாசகர், மதுரை

தப்புதான் ஐயா. நம் ஊரில் மண்ணை நீளமாகக் குவித்துக் குச்சியை ஒளித்துக் கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடுவோமே, அதே அடிப்படைதான்: ஒளிக்க வேண்டும், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அங்கே அது பெரியவர்கள் ஆடும் ஆட்டம், இரவு முழுக்க ஓடும், பெரிய போட்டிகளில் பரிசுப் பணமும் பெரியது.

இரண்டு அணி, எதிரெதிரே வரிசையாக மண்டியிட்டு உட்காருவார்கள். ஒரு அணிக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கும் அணியில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பொருள், காசோ கூழாங்கல்லோ. முன்னால் ஒரு போர்வை. அதற்கு அடியில் கைகளை விட்டு மாற்றி மாற்றி, கடைசியில் ஒரு கையில் வைத்து மூடிக்கொள்வார்கள். பின்னால் நிற்கும் மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்ததும் போர்வை விலகும், எட்டுப் பேரும் தாளத்துக்கு உடம்பை அசைக்கத் தொடங்குவார்கள். ஒருவர் கையைக் குறுக்கே கட்டிக்கொள்வார், ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு கையைக் கக்கத்தில் செருகுவார், இன்னொருவர் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருப்பார். எல்லாம் எதிரியைக் குழப்பத்தான்.

எதிர் அணியின் தலைவர் ஒருவர்தான் ஊகிக்க வேண்டும். பேச மாட்டார். கையைத் தட்டிவிட்டு ஒரே ஒரு சைகை. இந்தப் பக்கம் காட்டினால் எல்லோருக்கும் இந்தப் பக்கத்துக் கை. நடுவில் வெட்டுவது போலக் காட்டினால் வரிசையை இரண்டாகப் பிரித்து நடுவைப் பார்த்திருக்கும் கைகள், இரு பக்கமும் விரித்தால் வெளிப்பக்கக் கைகள். உடனே எட்டுப் பேரும் கையைத் திறந்து காட்டுவார்கள். மாட்டியவர் வெளியே. மாட்டாதவர் ஒவ்வொருவருக்கும் ஒளித்த அணிக்கு ஒரு குச்சி, அதுதான் புள்ளிக் கணக்கு. மிச்சம் இருப்பவர்கள் திரும்ப ஒளிப்பார்கள், கடைசி ஆள் மாட்டும் வரை. அப்புறம் அந்த அணி ஊகிக்கும், இந்த அணி ஒளிக்கும். குச்சி எல்லாம் ஒரு பக்கம் வந்து சேர்ந்தால் வெற்றி.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. நான் பார்த்த ஆட்டத்தில் ஒளித்த அணியில் ஒருவர் மட்டும் மிச்சம், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த ஒற்றை ஆளை எதிர்த்தலைவரால் பிடிக்கவே முடியவில்லை. ஐந்து தடவை, ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் அவர் கையை விரிக்கும்போது காசு மற்றக் கையில். மண்டபமே எழுந்து கத்துகிறது, அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவர் தோளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் எனக்குச் சொன்னார். காசு இருக்கிற கைப்பக்கத் தோள் ஒரு இம்மி இறுகுமாம். அவர் தோள் இறுகவே இல்லை.

மேளத்தையும் சொல்ல வேண்டும். வளைத்த மரச்சட்டத்தில் காரிபூ என்ற பனிநாட்டு மானின் தோல், தோலுக்குக் குறுக்கே மெல்லிய தோல்நரம்பு கட்டியிருப்பதால் ஒவ்வொரு அடியிலும் ஒரு கிர்ர் சத்தம் கூடவே வரும். குளிரில் தோல் தொய்ந்துபோகும். இடைவேளையில் அடுப்புப் பக்கம் கொண்டுபோய்க் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, சூடேறி இறுகியதும் எடுத்து வருவார்கள். நம் பறைக்காரர்கள் தீ மூட்டிக் காய்ச்சுவது அப்படியே கண்முன் வந்தது.

பெண்கள் ஆடுவதில்லையா?
– கல்லூரி மாணவி, சென்னை

வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. மேற்கே பக்கத்துப் பிரதேசமான யூக்கானில் ஆணும் பெண்ணும் கலந்த அணிகளே உண்டு. த்லீச்சோ பக்கம் இது ஆண்களின் ஆட்டம் என்பதுதான் வழக்கம், பெரியவர்கள் பலர் அதில் உறுதியாக இருக்கிறார்கள். உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அதை மாற்றுவதா வேண்டாமா என்று பேச வேண்டியவர்கள் அந்தப் பெண்கள், பார்க்கப் போன நான் இல்லை. பெண்கள் ஓரமாக ஒதுங்கி உட்காருவதும் இல்லை, மண்டபத்தில் பெரிய சத்தமே அவர்களுடையதுதான்.

நான் உடற்கல்வி ஆசிரியர். டெனே விளையாட்டு என்று கைவிளையாட்டு மட்டும்தானா? எங்கள் பள்ளியில் ஆட வைக்கிற மாதிரி எதுவும் உண்டா சார்?
– வாசகர், திருநெல்வேலி

உண்டு சார், உங்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. வட துருவத்தை ஒட்டிய பகுதி மக்களுக்காக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடக்கும், 1970-ல் யெல்லோநைஃபில்தான் முதலில் தொடங்கியது. 1990-லிருந்து டெனே விளையாட்டுகள் அதில் தனிப் பிரிவு. மொத்தம் ஐந்து: கைவிளையாட்டு, விரல் இழுப்பு, குச்சி இழுப்பு, கம்பத் தள்ளு, பனிப்பாம்பு.

ஒவ்வொன்றும் வயிற்றுப்பாட்டிலிருந்து வந்தது. குச்சி இழுப்பில், ஒரு அடி நீளக் குச்சி, இரண்டு முனையும் கூம்பி இருக்கும், முழுக்கக் கொழுப்பு தடவியிருப்பார்கள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் எதிர்த்திசை பார்த்து நின்று ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. நழுவுகிற மீனை வாலடியில் பிடிக்கும் பிடி அது. விரல் இழுப்பில் நடுவிரலோடு நடுவிரல் கொக்கி போட்டு இழுப்பார்கள், எவர் விரல் நிமிர்கிறதோ அவர் தோற்றார். கனத்த மீன்களைச் செவுளில் விரல் மாட்டித் தூக்கி நடந்தவர்களுக்கு அந்த விரல் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நான் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனோடு இழுத்துப் பார்த்தேன், இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை, சாப்பிடும்போது விரல் வலித்தது. பனிப்பாம்பு என்பது ஈட்டியைக் கீழ்க்கையாகப் பனியின் மேல் வழுக்கிப் போக விடுவது. எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கணக்கு. முன்பு பனியில் படுத்திருக்கும் காரிபூவை நோக்கி அப்படித்தான் விட்டார்களாம். கம்பத் தள்ளில் சுமார் ஆறு மீட்டர் மரக்கம்பத்தின் இரு முனையிலும் நாலு நாலு பேர், வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும். வடம் இழுப்பதைத் தலைகீழாக்கியது மாதிரி.

குச்சி இழுப்பும் கம்பத் தள்ளும் உங்கள் மைதானத்தில் நாளைக்கே ஆடலாம். ஒன்றே ஒன்று: யாருடைய விளையாட்டு என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு ஆடுங்கள். இந்த மக்களின் பிள்ளைகளைப் பல தலைமுறை உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சொந்த மொழியைப் பேசவே விடாமல் வைத்திருந்தார்கள். அந்த அடியிலிருந்து மீட்டு எடுத்தவை இவை. பெச்சோக்கோ பக்கத்துப் பள்ளிக்கு ஜிம்மி புரூனோ என்ற பழைய தலைவரின் பெயர். பிள்ளைகள் இரண்டு வழியையும் கற்க வேண்டும், அப்போது இரண்டு மனிதரின் பலம் வரும் என்பது அந்த மக்கள் இன்றும் சொல்வது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன சொல்ல.

காரிபூ இறைச்சி நல்லாயிருக்கும் என்கிறார்கள். யெல்லோநைஃபில் எந்த ரெஸ்டாரண்டில் கிடைக்கும்?
– வாசகர், மிசிசாகா

தேடாதீர்கள் தம்பி. யெல்லோநைஃபுக்கு வடக்கே திரிகிற பாதர்ஸ்ட் காரிபூ கூட்டம் 1986-ல் சுமார் 4,70,000. 2018 கணக்கெடுப்பில் 8,200 சொச்சம். 2021-ல் 6,200 சொச்சம். வேட்டை, சுரங்கம், சாலை, காட்டுத்தீ, மாறும் வானிலை என்று காரணங்களைப் பெரியவர்களும் விஞ்ஞானிகளும் அடுக்குகிறார்கள். 2015 முதல் வடமேற்குப் பிரதேசத்தில் அந்தக் கூட்டத்தை வேட்டையாட யாருக்குமே அனுமதி இல்லை, அதையே நம்பி வாழ்ந்த மக்களுக்கும்தான். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த இறைச்சியை அபூர்வமாகச் சாப்பிட்டு வளர்கிறார்கள் என்றால் அது உணவுத் தட்டுப்பாடு மட்டும் இல்லை. தோல் பதனிடக் கற்றுக்கொடுக்கத் தோல் வேண்டுமே, மேளம் கட்டத் தோல் வேண்டுமே.

அங்கே வேட்டை இறைச்சி பெரும்பாலும் விற்கிற பொருள் இல்லை, பகிர்கிற பொருள். ஒருவர் மூஸ் ஒன்றை வீழ்த்தினால் முதலில் பெரியவர்கள் வீட்டுக்குப் பங்கு போகும். உங்கள் தட்டில் யாராவது தாமாக வைத்தால் சாப்பிடுங்கள், அது அவர்கள் பங்கிலிருந்து வருகிறது என்று தெரிந்து சாப்பிடுங்கள். காசு கொடுத்துச் சாப்பிட மீன் இருக்கிறது. கிரேட் ஸ்லேவ் ஏரி 614 மீட்டர் ஆழம், வட அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. அந்தக் குளிர்ந்த தண்ணீரின் ஒயிட்ஃபிஷும் ட்ரவுட்டும் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். ட்ரவுட் தலை போட்டு வைத்த சூப் கிடைத்தால் விடாதீர்கள், கன்னத்துச் சதையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊரை ஒட்டிய பழைய தங்கச் சுரங்கத்தின் ஆர்சனிக் இன்னும் அந்தப் பக்கத்து மண்ணிலும் சின்ன ஏரிகளிலும் இருக்கிறது. நீங்களாகத் தூண்டில் போடுவதோ பெர்ரி பறிப்பதோ வேண்டாம், எங்கே பறிக்கலாம் என்று ஊர்க்காரரைக் கேட்டுப் பறியுங்கள்.

அண்ணை, நீங்கள் எழுதின உலர்மீன் எங்கட கருவாடு மாதிரியோ? உப்புப் போடுறவையோ?
– வாசகி, பருத்தித்துறை

உப்பு இல்லை அக்கா, அதுதான் பெரிய வித்தியாசம். ஒரு பாட்டி செய்வதைப் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். ஒயிட்ஃபிஷை முதுகுப்பக்கம் கீறி, முள்ளெலும்பை மொத்தமாக எடுத்துவிட்டு, இரண்டு பக்கச் சதையும் வாலில் ஒட்டியபடியே இருக்க விட்டார். அப்புறம் சதையில் குறுக்குக் குறுக்காக விரற்கடை இடைவெளியில் வெட்டு, தோல் அறுபடாமல். கத்தி தோலைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நிற்கும், ஒவ்வொரு வெட்டும் அப்படியே. வாலைக் கம்பில் மாட்டித் தொங்கவிட்டால் வெட்டுகள் விரிந்து காற்று உள்ளே போகும். கீழே மெல்லிய புகை, வேகக் கூடாது, ஈ அண்டக் கூடாது, அவ்வளவுதான். சாப்பிடும்போது வெட்டு வெட்டாகப் பிய்த்து எடுக்கலாம். கருவாட்டு நெடி இருக்காது, புகை மணமும் மீன் எண்ணெய் இனிப்பும்தான். இறைச்சியையும் இப்படித்தான், ஒரு துண்டைச் சுருள் பிரிப்பது போல மெல்லிய துணியாக விரித்து வெட்டி உலர்த்துவார்கள். அதற்கு மேலே வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள், நம்புங்கள், அருமை.

டொராண்டோவுக்கு இரண்டு உலர்மீன் கொண்டு வந்தேன். அம்மா ஒன்றை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தார். தேங்காய்ப்பாலில் அந்தப் புகை இறங்கியது வேறு விஷயம். இறைச்சி கொண்டு வர நினைப்பவர்களுக்கு: வேட்டை இறைச்சியைப் பிரதேசத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும்.

சைவம் சாப்பிடுகிற எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

கொஞ்சம்தான். பேனக் என்ற ரொட்டி உண்டு, மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, தண்ணீர். ஸ்காட்லாந்து வியாபாரிகளோடு வந்து டெனே மக்களுடையதாகவே ஆகிவிட்டது. ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கிரான்பெர்ரி, ப்ளூபெர்ரி, காட்டுச் செடியின் லாப்ரடார் டீ. யெல்லோநைஃப் நகரில் மற்றது கிடைக்கும். விருந்தில் "நான் இறைச்சி சாப்பிடுவதில்லை" என்று நேராகச் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு வீணாக்குவதுதான் தப்பு.

ஊர் விருந்துக்கு அழைத்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? என்ன கொண்டுபோக வேண்டும்?
– தம்பதியர், மார்க்கம்

தட்டு, கோப்பை, கரண்டி கொண்டுபோங்கள்! த்லீச்சோ விருந்துகளில் அவரவர் பாத்திரத்தை அவரவர் கொண்டு வருவது பழைய பழக்கம். மண்டபத் தரையில் நீளமாகத் தாளையோ பிளாஸ்டிக்கையோ விரித்து இரு பக்கமும் வரிசையாக உட்காருவார்கள். பந்திதான், இலை மட்டும் இல்லை. இளைஞர்கள் பெரிய பாத்திரங்களோடு வந்து பரிமாறுவார்கள், முதலில் முதியவர்களுக்கு. பசியில் நாமே எழுந்து போய் எடுப்பது அழகில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் நெருப்புக்கு ஊட்டுவார்கள். எல்லா உணவிலும் ஒரு பிடியும் புகையிலையும் எடுத்து, முன்னோருக்காகத் தீயில் இடுவது. மேளத்தோடு வேண்டுதல் பாட்டு நடக்கும், ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள், நீங்களும் கழற்றுங்கள், போனைப் பையில் வையுங்கள். மற்ற நேரத்தில் படம் எடுக்க வேண்டும் என்றால் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். ஒரு பெரியவரிடம் கதை கேட்கப் போவதானால் புகையிலையோ நல்ல தேயிலையோ கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது முறை. நம் இலங்கைத் தேயிலைப் பொட்டலம் ஒன்று நான் கொடுத்தேன், அடுத்த நாள் காலை வீட்டுக்கே கூப்பிட்டு அதைப் போட்டுக் கொடுத்தார்கள். நன்றிக்கு "மாஸி", ரொம்ப நன்றிக்கு "மாஸி சோ".

சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள், அதற்கப்புறம்தான் ஆட்டம். மேள ஆட்டம் ஒன்று, மேளமே இல்லாமல் வாய்ப்பாட்டுக்கே ஆடும் டீ டான்ஸ் இன்னொன்று. தோளோடு தோள் ஒட்டி வட்டமாக, சூரியன் போகிற திசையில், காலை இழுத்து இழுத்து நடப்பதுதான், பயிற்சி தேவையில்லை. 1820-களில் த்லீச்சோ தலைவர் எட்ஸோவும் யெல்லோநைவ்ஸ் என்ற இன்னொரு டெனே பிரிவின் தலைவர் அகைச்சோவும் நெடுநாள் பகையை முடித்துச் சமாதானம் ஆனபோது இரண்டு மக்களும் சேர்ந்து நாள்கணக்கில் ஆடினார்களாம், ஆடிய வட்டத்தின் தடம் அந்த நிலத்தில் இன்னும் தெரிகிறது என்று சொல்வார்கள். எனக்கு இடம் விட்டுத் தோளை நகர்த்தியது முன்பின் தெரியாத ஒரு அம்மா. உங்களுக்கும் யாராவது நகர்த்துவார்கள், வெட்கப்படாமல் எழுந்து போங்கள். குளிருக்குப் போட்ட பெரிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, மெல்லிய செருப்பு ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள், பூட்ஸோடு அந்த வட்டத்தில் அரை மணி நேரம் தாங்காது.